பட்டறை ஏ.சி.க்கு வயரிங்: கடலூர், புதுச்சேரிப் பட்டறைக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

லேத் பட்டறை, தச்சுப் பட்டறை, எம்ப்ராய்டரி கூடம், செல்போன் பழுதுபார்க்கும் கடை என்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே நான் வயரிங் செய்துகொடுத்த இடங்களில், ஏ.சி. பொருத்துவது பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். வீட்டுப் படுக்கையறைக்குப் போடும் வயரிங்கை அப்படியே பட்டறைக்கும் போட்டுவிடலாம் என்ற எண்ணமே இவற்றில் பாதிக்கு மேற்பட்ட கேள்விகளுக்குக் காரணம். தகரக் கூரை, வெல்டிங் மெஷின், உப்புக்காற்று ஆகிய மூன்றும் அந்தக் கணக்கை மாற்றிவிடுகின்றன.

இந்த வயரிங்கை நானே செய்துகொள்ளலாமா?

முழுவதையும் செய்ய முடியாது. மத்திய மின்சார ஆணையம் 2010இல் கொண்டுவந்து 2023இல் புதுப்பித்த பாதுகாப்பு ஒழுங்குமுறைகள், பல்பு, மின்விசிறி, பியூஸ், சுவிட்ச் போன்றவற்றை இணைப்பின் திறனோ தன்மையோ மாறாதபடி மாற்றிக்கொள்ள மட்டுமே நுகர்வோருக்கு இடம் தருகின்றன. புதிதாக வயர் இழுப்பது, இருப்பதோடு சேர்ப்பது, மாற்றியமைப்பது ஆகியவற்றை மாநில அரசின் உரிமம் பெற்ற மின் ஒப்பந்ததாரர்தான், தகுதிச் சான்றிதழ் உள்ள ஒருவரின் நேரடி மேற்பார்வையில் செய்ய வேண்டும். ஏ.சி.க்கென்று போர்டிலிருந்து தனி வழி இழுப்பது இந்த இரண்டாம் வகையில்தான் வருகிறது.

அதற்காக நீங்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதில்லை. பைப் போகும் வழியைச் சுவரில் சுண்ணக்கோட்டால் குறிப்பது, சுவரை வெட்டுவது, பிவிசி பைப்பைக் கிளாம்ப் வைத்து நிறுத்துவது, அவுட்டோர் யூனிட்டுக்கு ஸ்டாண்ட் அடிப்பது, எர்த் குழி தோண்டுவது ஆகிய வேலைகளை, ஒப்பந்ததாரரிடம் முன்கூட்டியே பேசிவிட்டு, நீங்களே செய்யலாம். கூலியில் கணிசமான பகுதி இவற்றில்தான் போகிறது. வயரை இணைப்பதும் போர்டின் மூடியைத் திறப்பதும் அவருடைய வேலை. மெயின் சுவிட்சை அணைத்துவிட்டோம் என்ற தைரியத்தில் பலர் போர்டுக்குள் கைவிடுகிறார்கள்; ஆனால் மீட்டரிலிருந்து மெயின் சுவிட்சுக்கு வந்து சேரும் முனைகளில், சுவிட்ச் அணைந்திருந்தாலும் மின்சாரம் இருந்துகொண்டேயிருக்கும்.

கீழே எழுதியிருக்கும் மற்றவை, வயரிங் செய்யவருபவரிடம் நீங்கள் சரியான கேள்விகளைக் கேட்கவும், அவர் செய்ததைச் சரிபார்க்கவும் உதவும்.

கடலூர் எலக்ட்ரீஷியனைப் புதுச்சேரிப் பட்டறைக்கு அழைத்துவரலாமா?

உரிமம் வழங்குவது அந்தந்த மாநில அல்லது ஒன்றியப் பகுதி அரசு. பாகூர்ப் பக்கம் ஒரு தெரு புதுச்சேரியாகவும் அடுத்த தெரு கடலூர் மாவட்டமாகவும் இருப்பதால் இந்தக் குழப்பம் வருகிறது. உங்கள் மின்கட்டண ரசீது தமிழ்நாடு மின் பகிர்மானக் கழகத்துடையதா, புதுச்சேரி அரசு மின்துறையுடையதா என்று பாருங்கள். அந்த அலுவலகம் ஏற்கும் கையெழுத்து உள்ளவரையே அழையுங்கள்.

வீட்டு இணைப்பிலிருந்து பின்பக்கப் பட்டறைக்கு ஒரு வயர் இழுத்தால் போதாதா?

வீட்டுக்கென்று வாங்கிய இணைப்பைத் தொழிலுக்குப் பயன்படுத்துவது, 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126ஆம் பிரிவின்படி அனுமதியற்ற பயன்பாடு. எந்தக் கட்டண வகைக்கு உரியதோ அதன் இரு மடங்கில் கணக்கிடுவார்கள். எப்போதிலிருந்து நடந்தது என்று கண்டறிய முடியாவிட்டால் பன்னிரண்டு மாதங்களுக்குக் கணக்கு போடுவார்கள். ஏற்கெனவே தொழில் இணைப்பு இருந்தாலும், ஏ.சி.யைச் சேர்த்தால் ஒப்பந்தச் சுமையை (உங்கள் இணைப்புக்கு அனுமதித்திருக்கும் மின் அளவை) தாண்டுகிறதா என்று பார்த்து, தாண்டினால் கூடுதல் சுமைக்கு விண்ணப்பித்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

1.5 டன் ஏ.சி.க்கு எந்த வயர் போட வேண்டும்? கடைக்காரர் 2.5 போதும் என்கிறார்.

வீட்டுக்கு அவர் சொல்வது பெரும்பாலும் சரி. 1.5 டன் ஏ.சி. ஓடும்போது ஏறக்குறைய 7 அல்லது 8 ஆம்பியர் எடுக்கும். உங்கள் மாடலுக்கான சரியான எண் அவுட்டோர் யூனிட்டின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் தகட்டில் இருக்கிறது. 2.5 சதுர மில்லிமீட்டர் தாமிர வயர், பைப்புக்குள் ஓடும்போது, 30 டிகிரி வெப்பத்தில் 24 ஆம்பியர் தாங்கும். 4 சதுர மில்லிமீட்டர் வயர் 32 ஆம்பியர் தாங்கும். இந்த எண்களை மட்டும் பார்த்தால் 2.5 தாராளம்.

ஆனால் உங்கள் பைப் எங்கே ஓடுகிறது? சித்திரை, வைகாசியில் மதியம் இரண்டு மணிக்கு ஏணி போட்டு ஏறி, தகரக் கூரைக்கு அடியில் ஓடும் பைப்பைத் தொட்டுப்பாருங்கள். விரலை வைத்திருக்க முடியாது. அங்கே 50 டிகிரி என்று எடுத்துக்கொண்டால், பிவிசி வயர் தாங்கும் அளவை 0.71ஆல் பெருக்க வேண்டும். 2.5 வயர் 17 ஆம்பியருக்கு இறங்கிவிடுகிறது. 4 வயர் 22.7 ஆம்பியருக்கு வருகிறது. வழக்கமாகப் போடும் 20 ஆம்பியர் எம்சிபியை (அளவுக்கு மேல் மின்சாரம் போனால் தானாக விழுந்து துண்டிக்கும் சுவிட்சை) 2.5 வயருக்கு வைத்தால், வயர் தாங்கக்கூடியதைவிட அதிகமான மின்சாரத்தை எம்சிபி பேசாமல் விட்டுக்கொண்டிருக்கும். அதனால்தான் தகரக் கூரைப் பட்டறைகளில் 1.5 டன்னுக்கும் நான் 4 சதுர மில்லிமீட்டருக்குக் குறைவாகப் போடுவதில்லை.

இரண்டாவது காரணம் தூரம். பட்டறைகளில் மீட்டர் சாலையோரத்திலும் ஏ.சி. அறை கடைசியிலும் இருக்கும். போர்டிலிருந்து ஏ.சி. வரை 30 மீட்டர் என்றால், போய்த் திரும்பும் வயர் 60 மீட்டர். 2.5 வயரில் அதன் தடை ஏறத்தாழ அரை ஓம். ஓடும்போது 4 வோல்ட் குறைவது பெரிய விஷயமில்லை. ஆனால் பழைய பாணி கம்ப்ரசர் கிளம்பும் நொடியில் 40 ஆம்பியர் இழுத்தால் 19 வோல்ட் வயரிலேயே போய்விடும். மாலையில் 200 வோல்ட்தான் வருகிறது என்னும் தெருவில் கம்ப்ரசருக்கு 181 வோல்ட்தான் கிடைக்கும். அது கிளம்ப முடியாமல் உறுமிவிட்டு நின்றுவிடும். அதே தூரத்துக்கு 4 வயர் போட்டால் இழப்பு 12 வோல்ட். அதற்கும் அதிகத் தூரமானால் 6 போடுங்கள்.

90 மீட்டர் சுருளாக, ஐஎஸ்ஐ முத்திரையும் ஐஎஸ் 694 என்ற எண்ணும் அச்சிட்ட வயரையே வாங்குங்கள். பழைய பட்டறைகளில் இன்னும் அலுமினிய வயர் கிடக்கிறது. அதன் முனையோடு புதுத் தாமிர வயரை முறுக்கி டேப் சுற்றுவதை மட்டும் யார் செய்தாலும் தடுத்துவிடுங்கள், ஏனெனில் இவ்விரு உலோகங்களும் சேரும் இடம் கடற்கரை ஈரத்தில் அரித்துச் சூடேறும்.

எம்சிபி அடிக்கடி விழுகிறது. 32 ஆம்பியர் மாற்றிவிடலாமா?

வயரை மாற்றாமல் எம்சிபியை மட்டும் பெரிதாக்கக் கூடாது. எம்சிபி காப்பது ஏ.சி.யை அல்ல, வயரை. 20 ஆம்பியர் என்று எழுதியிருந்தாலும் அது 20ஐத் தொட்டதும் விழுந்துவிடாது, 22.6 ஆம்பியர் வரை ஒரு மணி நேரம் விழக் கூடாது என்பதும், 29 ஆம்பியரில் ஒரு மணி நேரத்துக்குள் விழ வேண்டும் என்பதும்தான் அதற்கான தரவிதி. ஆகவே அது ஏற்கெனவே தாராள மனதுடையது.

ஏ.சி. கிளம்பும் நொடியிலேயே விழுந்தால், போட்டிருப்பது பி வகை எம்சிபியா என்று பாருங்கள். பி வகை தன் அளவைப்போல் மூன்று முதல் ஐந்து மடங்கிலும், சி வகை ஐந்து முதல் பத்து மடங்கிலும் உடனே விழும். மோட்டார் உள்ள எதற்கும் சி வகையே பொருந்தும். அரைமணி நேரம் ஓடிய பிறகு விழுந்தால் எம்சிபியின் திருகு தளர்ந்து அந்த இடமே சூடாகியிருக்கலாம், அல்லது அவுட்டோர் யூனிட்டில் தூசு அடைத்துக் கம்ப்ரசர் அதிகம் இழுக்கலாம். தச்சுப் பட்டறைகளில் இரண்டாவதையே நான் அதிகம் பார்த்திருக்கிறேன். காயிலில் மரத்தூள் கம்பளிபோல் படிந்திருக்கும்.

பட்டறையில் ஏற்கெனவே ஒரு பவர் பிளக் இருக்கிறது. அதில் செருகினால் என்ன?

கடலூர் முதுநகரில் ஒரு படகு எஞ்சின் பட்டறையில் அப்படிச் செருகியிருந்த 16 ஆம்பியர் பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன். வெளியே வெள்ளைத் தட்டில் ஒரு துளையைச் சுற்றி மட்டும் பழுப்பு நிறம். உள்ளே, வயரின் இழைகளில் சிலவற்றைத் துளைக்குள் நுழையவில்லை என்று வெட்டிவிட்டு மீதியைத் திருகியிருந்தார்கள். மீந்திருந்த தாமிரம் உப்புக்காற்றில் கறுத்து, ஓரத்தில் பச்சை பூத்திருந்தது. உறையோ நான்கு விரற்கடை நீளத்துக்கு விறைத்து, வளைத்தால் முறிந்தது. அந்த வயரின் அளவு சரியானதுதான், எம்சிபியும் சரியானதுதான்; எரிந்தது அந்த ஒரு திருகின் இடம். அப்படிப்பட்ட தளர்ந்த இணைப்பை எம்சிபியோ ஆர்சிசிபியோ (மின்சாரம் கசிந்தால் துண்டிக்கும் சுவிட்ச்) கண்டுபிடிக்காது, ஏனெனில் அங்கே மின்சாரம் அதிகமாகவும் இல்லை, கசியவும் இல்லை.

ஆகவே ஏ.சி.க்குத் தனி வழி வேண்டும். அதில் கிரைண்டரோ டிரில்லோ சேரக் கூடாது. ஏ.சி. அருகில் பேஸ் (மின்சாரம் வரும் வயர்), நியூட்ரல் (அது திரும்பும் வயர்) இரண்டையும் சேர்த்து அணைக்கும் இருமுனை எம்சிபியுடன் கூடிய ஏ.சி. பாக்ஸ் வையுங்கள். இழை வயரின் முனைகளுக்கு லக் (முனையில் மாட்டும் உலோகக் குப்பி) வைத்துக் கிரிம்ப் செய்யச் (அழுத்தி இறுக்கச்) சொல்லுங்கள். அதற்குரிய கருவி எலக்ட்ரீஷியனின் பையில் இருக்கிறதா என்று பார்ப்பது, அவரைப் பற்றி நான் கேட்கும் முதல் விசாரணை.

எங்களுடையது மும்முனை மின்சாரம். ஏ.சி.யை எந்த பேஸில் கொடுப்பது?

வெல்டிங் மெஷினை இரண்டு பேஸ்களுக்கு நடுவே கொடுத்திருப்பீர்கள். அது சிவப்பிலும் மஞ்சளிலும் இருந்தால், ஏ.சி.யை நீலத்தில் கொடுங்கள். ராடு வைக்கும் ஒவ்வொரு முறையும் அந்த இரண்டு பேஸ்களில் வோல்டேஜ் அமிழ்ந்து எழும், ஏ.சி.யின் சர்க்யூட் போர்டு அந்த ஆட்டத்தில் இருக்க வேண்டாம்.

அதைவிட முக்கியமானது நியூட்ரல். மும்முனை இணைப்பில் மெயின் நியூட்ரல் அறுந்தாலோ தளர்ந்தாலோ, மூன்று பேஸ்களின் 230 வோல்ட் சமநிலை குலைந்து, சுமை அதிகமுள்ள பேஸில் வோல்டேஜ் இறங்கி, சுமை குறைவான பேஸில் 300க்கு மேலும் ஏறிவிடும். புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையருகே ஒரு பட்டறையில் விளக்குகள் சில மங்கி, சில கண்ணைப் பறிக்கும் வெளிச்சத்தில் எரிவதைப் பார்த்துவிட்டு "ஈபி கோளாறு" என்று இருந்துவிட்டார்கள். அன்று மாலைக்குள் ஏ.சி. போர்டும் சில டியூப்லைட்டுகளும் போயின. தளர்ந்திருந்தது அவர்களுடைய போர்டின் நியூட்ரல் போல்ட். முந்தைய வாரம் அந்தப் போர்டில் வேலை செய்தவன் நான்தான் என்பதையும் சொல்லியாக வேண்டும். அன்றிலிருந்து மூடியை மாட்டும் முன் நியூட்ரலை இரண்டு முறை திருகிப்பார்க்கிறேன். விளக்குகள் அப்படி எரிந்தால் உடனே மெயினை அணையுங்கள்.

இன்னொரு பொறி, நீல வயர். நம் பழைய மும்முனை வயரிங்கில் சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றும் பேஸ், நியூட்ரல் கறுப்பு. ஏ.சி.யோடு வரும் வயரிலோ பழுப்பு பேஸ், நீலம் நியூட்ரல், பச்சையில் மஞ்சள் கோடு போட்டது எர்த். நீலத்தோடு நீலத்தைச் சேர்த்தவர்கள் உண்டு. மறுமுனையில் கறுப்புக்குப் பதில் இன்னொரு பேஸ் அமைந்துவிட்டால் ஏ.சி.க்கு 400 வோல்ட் போகும். நிறத்தை நம்பாமல், செருகும் முன் இரு முனைகளுக்கும் இடையே மீட்டர் வைத்து 230 வருகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

எர்த் இல்லாமல் ஓடுகிறதே, பிறகு எதற்கு? ஆர்சிசிபியும் வேண்டுமா?

எர்த் இல்லாமலும் ஏ.சி. குளிரும், அதுதான் ஆபத்து. அவுட்டோர் யூனிட்டுக்குள் ஒரு பேஸ் வயர் உராய்ந்து அதன் இரும்பு உடலைத் தொட்டுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். உங்கள் எர்த் குழியின் தடை 10 ஓம் என்றால், 230ஐப் பத்தால் வகுக்க 23 ஆம்பியர் மண்ணுக்குள் போகும். மேலே சொன்னதை நினைவுகூருங்கள்: 20 ஆம்பியர் எம்சிபி 23 ஆம்பியரில் விழும் என்று எந்த உறுதியும் இல்லை. யூனிட்டின் இரும்பு உடல் மணிக்கணக்காக மின்சாரத்தோடு நிற்கும். வாட்டர் சர்வீஸ் செய்ய வருபவர் ஈரக்கையோடு அதைத் தொடுவார். இங்கே வேலை செய்வது 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபிதான். அந்த அளவு கசிந்தாலே ஒரு நொடியின் மூன்றில் ஒரு பங்குக்குள் துண்டித்துவிடும். எர்த்தும் ஆர்சிசிபியும் ஒன்றுக்கொன்று மாற்று அல்ல.

எர்த் குழி மண்ணைப் பொறுத்தது. தேவனாம்பட்டினம் பக்கம் சில அடியிலேயே உப்பு ஈரம் கிடைப்பதால் தடை எளிதில் குறையும். ஆனால் அந்த உப்பே ஜிஐ பைப்பை (துத்தநாகம் பூசிய இரும்புப் பைப்பை) தின்றுவிடும். அங்கே கூடுதலாக உப்புக் கொட்டுவதில் அர்த்தமில்லை. தாமிரம் பூசிய ராடு போட்டு, இணைப்பு போல்ட்டை ஆண்டுதோறும் திறந்து பாருங்கள். கேப்பர் மலையின் செம்மண்ணில் நிலைமை நேர்மாறு: பைப் நீடிக்கும், ஆனால் கோடையில் மண் காய்ந்து தடை ஏறும். 2.5 மீட்டர் பைப்பை முழு ஆழத்துக்கு இறக்கி, கரியும் உப்பும் இட்டு, கோடை முழுவதும் புனலில் தண்ணீர் ஊற்ற வேண்டும். இரண்டு இடத்திலும், போர்டிலிருந்து ஏ.சி. வரை ஓடும் எர்த் வயர் பேஸ் வயரின் அதே பருமனில் இருக்கட்டும்.

மீட்டரை பேஸுக்கும் எர்த்துக்கும் வைத்து 230 காட்டுகிறது என்பது எர்த் நன்றாயிருப்பதற்குச் சான்றாகாது. மீட்டர் இழுக்கும் மின்சாரம் அவ்வளவு சொற்பம் என்பதால், பாதி அறுந்த எர்த்திலும் அதே எண்ணைத்தான் காட்டும்.

ஆர்சிசிபி காரணமில்லாமல் விழுகிறது. எடுத்துவிடலாமா?

காரணமில்லாமல் விழுவது அபூர்வம். பட்டறைகளில் நான் கண்ட பொதுவான காரணம், ஆர்சிசிபியைத் தாண்டிய நியூட்ரலை வேறொரு விளக்கின் நியூட்ரலோடு போர்டுக்குள் சேர்த்துவிட்டிருப்பது. அதைப் பிரித்தாலே நின்றுவிடும். மழை நாளில் மட்டும் விழுந்தால், அவுட்டோர் யூனிட்டின் இணைப்புப் பெட்டியில் ஈரம் இருக்கிறது. பைப் வெளிப்பக்கம் சரிந்திருக்க வேண்டும், வயர் பெட்டிக்குள் அடியிலிருந்து நுழைய வேண்டும், நுழையும் முன் ஒரு வளைவாகத் தொங்க வேண்டும். அப்படியிருந்தால் வயர் வழியே வழியும் நீர் அந்த வளைவிலிருந்தே சொட்டிவிடும்.

இன்வெர்ட்டர் ஏ.சி. வாங்கினால் இவை குறையுமா?

கிளம்பும்போது பெரிதாக இழுக்காது என்பதால் வோல்டேஜ் சரிவுத் தொல்லை குறையும். தகரக் கூரைக் கணக்கு மாறாது. ஆர்சிசிபி வாங்கும்போது ஏ வகையைக் கேளுங்கள், சாதாரண ஏசி வகை இன்வெர்ட்டர் மின்னணுப் பகுதியின் கசிவை எல்லா நேரமும் உணராது. இங்கே ஏசி என்பது ஆர்சிசிபியின் வகைப் பெயர். குளிர்சாதனத்துக்கென்று செய்தது என்று கடைப் பையன் சொன்னால் நம்ப வேண்டாம்.

ஸ்டெபிலைசர்?

இயந்திரம் தாங்கும் வோல்டேஜ் வரம்பு தகட்டிலோ கையேட்டிலோ இருக்கும். உங்கள் பட்டறையில் ஒரு வாரம், வெல்டிங் ஓடும் நேரத்திலும் இரவு ஏழு மணிக்கும் மீட்டரில் பார்த்து எழுதுங்கள். வரம்பைத் தாண்டினால் மட்டும் வாங்குங்கள். 1.5 டன்னுக்கு 4 கேவிஏ வழக்கம்.

வெள்ளம், புயலுக்கு என்ன முன்னேற்பாடு?

2015 மழையிலும், 2024 நவம்பர் இறுதியில் புதுச்சேரியருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயலின்போதும் தண்ணீர் எவ்வளவு ஏறியது என்பது உங்கள் சுவரிலேயே கறையாக இருக்கும். போர்டு, ஏ.சி. பாக்ஸ், அவுட்டோர் யூனிட் மூன்றும் அந்தக் கறைக்கு மேலே இருக்கட்டும். தண்ணீரில் மூழ்கிய யூனிட்டை, வெயிலில் காய்ந்துவிட்டது என்று ஓட விடாதீர்கள். மெகர் (வயர் உறை வழியே கசிவு உண்டா என்று அளக்கும் கருவி) வைத்துச் சோதித்த பிறகே மின்சாரம் கொடுக்க வேண்டும். உள்ளேயிருக்கும் கெப்பாசிட்டர், மின்சாரத்தைத் துண்டித்த பிறகும் சேமித்த மின்னூட்டத்தை வைத்திருக்கும் என்பதால் மூடியைக் கழற்றிப் பார்ப்பதும் உங்கள் வேலையல்ல.

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்த பிறகு பல ஊர்கள் நாள்கணக்கில் இருளில் கிடந்தன. அப்போது சிலர், வயரின் இரு முனையிலும் பிளக் மாட்டி, ஜெனரேட்டரைச் சுவர் சாக்கெட் வழியாகப் பட்டறைக்குள் கொடுத்தார்கள். மெயினை அணைக்க மறந்தால் அந்த மின்சாரம் தெருக் கம்பிக்கு ஏறி, டிரான்ஸ்பார்மர் வழியாக உயரழுத்தமாகவே மாறி, கம்பத்தில் நிற்கும் லைன்மேனைக் கொன்றுவிடும். ஜெனரேட்டர் வைத்திருந்தால், தெரு மின்சாரம், ஜெனரேட்டர் இரண்டில் ஒன்றை மட்டுமே இணைக்கும் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் போட்டேயாக வேண்டும்.

வேலை முடிந்ததும் எதையெல்லாம் கேட்டு வாங்க வேண்டும்?

மின்சாரம் கொடுக்கும் முன் 500 வோல்ட் மெகரில் பேஸ், நியூட்ரல், எர்த் ஆகியவற்றுக்கிடையே ஒரு மெகா ஓமுக்குக் குறையாமல் வருகிறதா என்று உங்கள் முன்னிலையில் காட்டச் சொல்லுங்கள். இந்தச் சோதனையின்போது ஏ.சி. இணைப்பு கழற்றப்பட்டிருக்க வேண்டும், இல்லையென்றால் அதன் சர்க்யூட் போர்டு பழுதாகும். ஆர்சிசிபியின் டெஸ்ட் பொத்தானை நீங்களே அழுத்துங்கள். ஏ.சி. ஒரு மணி நேரம் ஓடிய பிறகு டாங் டெஸ்டரில் (வயரைக் கவ்விப் பிடித்து அளக்கும் மீட்டரில்) ஆம்பியரையும், ஏ.சி. பாக்ஸில் வோல்டேஜையும் பார்த்து, தேதியோடு போர்டு மூடியின் உட்புறத்தில் மார்க்கரால் எழுதச் சொல்லுங்கள். ஒப்பந்ததாரரின் கையெழுத்திட்ட சோதனை அறிக்கையைக் கூடுதல் சுமை விண்ணப்பத்தோடு இணைக்க ஒரு படி எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மாதம் கழித்து அவர் திரும்ப வந்து எல்லாத் திருகுகளையும் ஒருமுறை இறுக்குவதற்கான கூலியை முதலிலேயே பேசிக்கொள்வது நல்லது. புதிய இழை வயர் திருகுக்கடியில் சற்றுப் படிந்து இடம் விடும் என்பதால், அந்த இரண்டாம் வருகையில் அரைச் சுற்றாவது திரும்பும் திருகு ஒன்றிரண்டு இல்லாத பட்டறையை நான் பார்த்ததில்லை.